தொட்டிச் செடிக்கு வீட்டிலேயே இயற்கை மண் கலவை: முழுமையான வழிகாட்டி

தொட்டியில் செடி வாடினால் நம் கை முதலில் உரத்தைத்தான் தேடுகிறது. இன்னொரு பிடி மண்புழு உரம், கொஞ்சம் புண்ணாக்குக் கரைசல் என்று கொடுத்துப் பார்க்கிறோம். அப்படியும் தேறாமல் போன செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பேறிக் கிடக்கும். விரலால் மெல்ல இழுத்தால் மேல்தோல் கழன்று கையோடு வந்துவிடும், உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சும். சத்துக் குறைந்தால் வேர் இப்படி ஆவதில்லை. காற்றுப் போகாமல் அழுகிய வேரின் அடையாளம் இது.

அதனால்தான் மண் கலவையை நான் எப்போதும் ஒரே வரிசையில் யோசிக்கிறேன். முதலில் காற்று, அடுத்து ஈரம், அப்புறம்தான் சத்து. சத்து குறைந்தால் பிறகு மேலே தூவிச் சரிசெய்துவிடலாம். செடி நட்ட பிறகு மண்ணுக்குள் காற்றை நுழைக்க முடியாது.

தரை மண் தொட்டிக்குள் ஏன் கெட்டுப்போகிறது

தரையில் ஊற்றிய நீர் இறங்கிக்கொண்டே போகும், ஏனென்றால் அடியில் இருக்கும் மண் மேலே உள்ள ஈரத்தைத் தொடர்ந்து இழுக்கிறது. தொட்டியின் அடியோடு அந்த இழுப்பு நின்றுவிடும். ஓட்டை பெரிதாக இருந்தாலும், நுண்ணிய துளைகளில் பிடிபட்ட நீர் கீழே விழாமல் அடிப்பகுதியில் தேங்கி நிற்கும். மண் எவ்வளவு பொடியாக இருக்கிறதோ, அவ்வளவு உயரத்துக்கு இந்தத் தேக்கம் ஏறும். ஆழம் குறைந்த தொட்டியில் வேர் இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பகுதியை இதுவே பிடித்துக்கொள்ளும். போதாக்குறைக்குத் தினமும் மேலிருந்து நீர் ஊற்றுவதால் மண் படிந்து இறுகும். தரையில் அதைத் திறந்துவிட மண்புழுவும் ஆழமாக ஓடும் வேர்களும் உண்டு. தொட்டியில் அந்த வேலைக்கு ஆள் இல்லை.

அடியில் ஜல்லி பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று பலரும் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. பொடியான மண்ணிலிருந்து பெரிய இடைவெளி உள்ள ஜல்லிக்கு நீர் எளிதில் இறங்காது, மேலே உள்ள மண் முழுவதும் ஊறிய பிறகுதான் சொட்டும். ஆகவே தேக்கம் ஜல்லிக்கு மேலே ஏறி, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஓட்டை வழியாக மண் வெளியேறாமல் இருக்க ஒரு வலைத் துண்டோ உடைந்த ஓட்டுச் சில்லோ போதும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. பிரிட்டனின் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் 1930களில் வில்லியம் லாரன்ஸும் ஜான் நியூவெலும் தொட்டிச் செடிக்கு ஒரு நிலையான கலவையை வகுத்தார்கள். 7 பங்கு நல்ல மண், சதுப்பு நிலத்தில் பாதி மக்கிச் சேரும் பீட் பாசி 3 பங்கு, 2 பங்கு பருமணல். மண்ணையே முதன்மையாக வைத்த அந்தக் கலவையில்கூட 12க்கு 5 பங்கு மண் அல்லாத பொருள்தான். அதுவும் அவர்கள் எடுத்தது புல்தரையைப் பெயர்த்து, அடுக்கி, மக்க வைத்த பொலபொலப்பான மண்.

பொருள்களைத் தேர்ந்தெடுப்பது

*மண்.* களிமண்ணை அடியோடு ஒதுக்க வேண்டாம். சத்தைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வேருக்குக் கொடுப்பதில் களித்துகளுக்கு ஈடாக வேறொன்று கிடைப்பது அரிது. அளவு மீறினால்தான் சிக்கல். உங்கள் மண்ணில் களி எவ்வளவு என்று பார்க்க ஒரு உயரமான கண்ணாடிப் புட்டி போதும். மூன்றில் ஒரு பங்கு மண், அதன்மேல் கழுத்துவரை நீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து மூடி, இரண்டு மூன்று நிமிடம் நன்றாகக் குலுக்கி அசையாமல் வைத்துவிடுங்கள். முதல் ஓரிரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். அடுத்த சில மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். மறுநாளோ அதற்கு மறுநாளோதான் களி இறங்கி நீர் தெளியும். களி அடுக்கு மொத்த உயரத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டினால், நான் கீழே சொல்லும் மண் அளவில் பாதி மட்டும் சேர்த்து, மீதிக்குப் பருமணல் போடுங்கள்.

மொட்டைமாடியிலோ பால்கனியிலோ வைப்பதாக இருந்தால் எடையையும் கணக்கில் எடுங்கள். நனைந்த தரை மண் லிட்டருக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் வரும். நார்க்கழிவை அடிப்படையாக வைத்த கலவை நனைந்த பிறகும் பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடும்.

நோய் வந்த செடி இருந்த இடத்து மண் வேண்டாம். சந்தேகம் இருந்தால் மண்ணை ஈரப்படுத்தி, மெல்லிசாகப் பரப்பி, கண்ணாடி போலத் தெளிந்த பிளாஸ்டிக் தாளால் இறுக்க மூடி, கடும் வெயிலில் 4 முதல் 6 வாரம் விடுங்கள். கறுப்புத் தாளைவிடத் தெளிந்த தாள்தான் சூட்டை மண்ணுக்குள் அதிகம் இறக்கும். அடுப்பில் சூடாக்கும் வழியும் உண்டு. ஈர மண் முழுவதும் 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் அரை மணி நேரம் இருந்தால் பெரும்பாலான நோய்க்கிருமிகளுக்குப் போதும். 80ஐத் தாண்ட விடாதீர்கள். நல்ல நுண்ணுயிர்களும் சேர்ந்து அழியும், மண்ணில் மாங்கனீசும் அம்மோனியாவும் செடிக்குக் கேடு செய்யும் அளவுக்கு வெளிப்படும்.

*தென்னை நார்க்கழிவு.* கடைகளில் கோகோபீட் என்று கட்டியாகக் கிடைக்கும். 5 கிலோ கட்டி ஊறினால் ஏறக்குறைய 70 லிட்டர் வரும். ஈரத்தையும் காற்றையும் ஒரே நேரத்தில் பிடித்து வைப்பதுதான் இதன் அருமை. ஆனால் அப்படியே பிரித்துப் போட்டுவிடக் கூடாது. தேங்காய் மட்டையில் சோடியமும் பொட்டாசியமும் மிகுதி, மட்டையை உப்புநீரில் ஊறவைத்திருந்தால் இன்னும் கூடும். இந்த உப்பு இருக்கும்வரை நார்க்கழிவு, கலவையில் உள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தன்மேல் பிடித்துக்கொண்டு செடிக்குக் கொடுக்காது.

கட்டியைப் பெரிய தொட்டியில் நல்ல நீர் ஊற்றி ஊறவைத்து, சாக்கிலோ துணியிலோ கொட்டி நீரை வடித்து, மீண்டும் நீர் ஊற்றி வடியுங்கள். மூன்று தடவை செய்தால் பெரும்பாலும் போதும். கடைசி ஊறலுக்கு முந்தையதில், 10 லிட்டர் ஊறிய நார்க்கழிவுக்கு ஒரு மேசைக்கரண்டி ஜிப்சம் நீரில் கலந்து ஊற்றி ஒரு இரவு விட்டுவிடுங்கள். ஜிப்சத்தின் கால்சியம் நாரில் ஒட்டியிருக்கும் சோடியத்தை வெளியே தள்ளும், மறுநாள் கழுவும்போது அது நீரோடு போய்விடும். இங்கே ஒரு எச்சரிக்கை. வடிந்த நீரின் தேநீர் நிறத்தைப் பார்த்து உப்பை முடிவு செய்யாதீர்கள். அது மட்டையின் சாயம். நிறம் தெளிந்த பிறகும் உப்பு இருக்கலாம், நிறம் இருக்கும்போதே உப்பு போயிருக்கலாம். நீரின் உப்பைக் காட்டும் சிறிய டிடிஎஸ் மீட்டர் கையில் இருந்தால், ஊற்றிய நீரிலும் வடிந்த நீரிலும் அளந்து பாருங்கள். இரண்டும் நெருங்கி வந்தால் கழுவியது போதும்.

பீட் பாசியும் இதே வேலையைச் செய்யும். ஆனால் அதன் பிஎச் (அமில, கார அளவு; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) 3.5 முதல் 4.5 வரைதான், சுண்ணாம்பு சேர்க்காமல் பெரும்பாலான செடிகளுக்கு ஆகாது. சதுப்பு நிலத்தில் அது ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் சேர்கிறது. நார்க்கழிவும் இலைமக்கும் கிடைக்கும்போது அதைத் தோண்டி எடுப்பது எனக்கு ஒப்பவில்லை. இலைமக்கு அருமையான மாற்று. காய்ந்த இலைகளை நனைத்து, துளையிட்ட பையில் அழுத்திக் கட்டி, நிழலில் ஓராண்டோ இரண்டாண்டோ விட்டால் கறுத்து, கையில் நசுங்கும் பொருளாகிவிடும்.

*காற்றுக்கான பருமனான பொருள்.* மணல் என்றால் பருமணல், துகள் 2 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். பொடிமணல் இடைவெளிகளை அடைத்து மண்ணை இறுக்கத்தான் உதவும். கடல்மணல் உப்பு, வேண்டாம். உடைத்த கல்மணலாக இருந்தால் தூசு போகும்வரை கழுவுங்கள். எடை குறைய வேண்டுமானால் பெர்லைட் நல்லது. எரிமலைக் கண்ணாடிப் பாறையைக் கடும் சூட்டில் பொரித்து எடுப்பது அது, மக்காது, நசுக்காதவரை வடிவம் மாறாது. வெர்மிகுலைட் வேறு பொருள். அது ஈரத்தைப் பிடிக்கத்தான் அதிகம் உதவும், காற்றுக்கு அதை நம்ப வேண்டாம்.

எனக்குப் பிடித்தது கருக்கிய உமி. லேசானது, மெதுவாகத்தான் மக்கும், வடிகாலுக்கு உகந்தது. பச்சை உமியைப் போட்டால் அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுத்துக்கொள்ளும். மரத்தூளுக்கும் இதே பிரச்சினைதான்.

உயிர்க்கரி, அதாவது குறைந்த காற்றில் எரித்த மரக்கரி, மண்ணில் நெடுங்காலம் நிலைக்கும். அமேசான் காட்டில் பழங்குடி மக்கள் உருவாக்கிய கறுப்பு மண்ணில், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலான கரி இன்றும் இருக்கிறது. ஆனால் புதுக் கரி வெறும் வயிற்றோடு வருகிறது, போட்டதும் சுற்றியுள்ள சத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். பட்டாணி அளவுக்கு உடைத்து, மண்புழு உரக் கரைசலில் இரண்டு வாரம் ஊறவைத்த பிறகே சேருங்கள். கலவையில் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம்.

*மக்கிய உரம்.* கலவையின் உயிர் இதில்தான் இருக்கிறது, அதிகமானோர் சறுக்குவதும் இதில்தான். முழுதாக மக்காத உரம் தொட்டிக்குள் தொடர்ந்து மக்கும். அப்போது வேருக்கு வேண்டிய காற்றையும் தழைச்சத்தையும் தின்னும், சூடாகும், கொசு போன்ற சிறு பூஞ்சை ஈக்களை வரவழைக்கும். மக்கிவிட்டதா என்று பார்க்க, ஒரு பிடி உரத்தை லேசாக நனைத்து, மூடி பூட்டும் பிளாஸ்டிக் பையில் போட்டு மூன்று நாள் நிழலில் வையுங்கள். திறந்து முகர்ந்தால் மழைக்குப் பிந்தைய மண்வாசம் வர வேண்டும். புளிப்போ, மூக்கைக் கூசும் அம்மோனியா நெடியோ வந்தால் இன்னும் சில வாரம் குவித்துப் போடுங்கள்.

பச்சைச் சாணம் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். அம்மோனியா வேரைச் சுடும், சாப்பிடும் கீரையில் ஈ.கோலை போன்ற கிருமிகள் ஒட்டும். இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. அமினோபைராலிட் போன்ற சில களைக்கொல்லிகள் தெளித்த புல்லைத் தின்ற மாட்டின் சாணத்தில், மக்கிய பிறகும் அதன் வீரியம் தங்கியிருக்கும். புதிய இடத்திலிருந்து எரு வாங்கினால் ஒரு சிறு தொட்டியில் எருவும் நார்க்கழிவும் பாதிப்பாதி கலந்து நான்கைந்து அவரை விதை போடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் புது இலை கிண்ணமாகச் சுருண்டு தண்டு முறுக்கிக்கொண்டால் அந்த எருவைத் தொடவே வேண்டாம்.

மண்புழு உரம் கூடினால் நல்லதுதானே என்று கேட்கிறவர்கள் நிறைய. நல்லது, ஒரு அளவுவரை. கலவையில் 10 முதல் 20 சதவீதம் இருந்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். அதற்கு மேல் போனால் அதன் பொடித்தன்மை காற்றிடைவெளியை அடைத்துவிடும், உப்பும் ஏறும். நீர் விட்டதும் கொழகொழவென்று ஆகும் கலவைகளில் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சத்துக்கான சேர்மானங்கள்

கிடைப்பதையெல்லாம் கொட்ட வேண்டியதில்லை. தழை, மணி, சாம்பல் சத்து மூன்றுக்கும் ஒவ்வொரு மூலம், கூடவே கால்சியம் இருந்தால் சரி. அளவுகள் 10 லிட்டர் கலவைக்கு.

தழைச்சத்துக்கு வேப்பம் புண்ணாக்குத் தூள் 20 முதல் 25 கிராம். மெதுவாகக் கரையும், மண்ணில் உள்ள நூற்புழுக்களையும் கொஞ்சம் அடக்கும். கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து கிட்டத்தட்ட 7 சதவீதம் இருப்பதால் அதில் 10 முதல் 15 கிராம் போதும், அதுவும் வேப்பம் புண்ணாக்கைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு. ஆமணக்குப் புண்ணாக்கு பயன்படுத்துவதானால் கவனம். அதில் ரிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கும், நாய்கள் வாசனைக்கு வந்து தின்றால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் நாயோ தவழும் குழந்தையோ இருந்தால் நான் அதைத் தொட மாட்டேன்.

மணிச்சத்துக்கு (பாஸ்பரஸுக்கு) எலும்புத் தூள் 15 கிராம். இது அமிலம் பக்கம் சாய்ந்த மண்ணில்தான் கரையும், பிஎச் 7ஐத் தாண்டிய கலவையில் பெரும்பாலும் சும்மா கிடக்கும். பாறை பாஸ்பேட்டும் அப்படியே. 

சாம்பல்சத்துக்கு (பொட்டாசியத்துக்கு) மரச்சாம்பல் ஒரு தேக்கரண்டி. விறகு எரித்த சுத்தமான சாம்பல் மட்டும். பெயின்ட் அடித்த மரம், பிளைவுட், அச்சடித்த காகிதம் எரித்தது ஆகாது. சாம்பல் கடும் காரம், பிஎச் 10க்கு மேல் இருக்கும். அதனால் இரண்டு விஷயம். ஒன்று, அளவு மீறக் கூடாது. இரண்டு, அதைப் புண்ணாக்கோடும் எருவோடும் நேரடியாகக் கலக்கக் கூடாது. காரம் பட்டதும் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். கலவை ஆறி முடிந்த பிறகு, நடுவதற்கு முன் தூவிக்கொள்ளுங்கள். நார்க்கழிவிலேயே பொட்டாசியம் ஓரளவு இருப்பதால் சாம்பலை விட்டுவிட்டாலும் குடி மூழ்கிப்போகாது.

கால்சியத்துக்கு ஜிப்சம் 10 கிராம். பிஎச்சை மாற்றாமல் கால்சியமும் கந்தகமும் கொடுக்கும். முட்டை ஓட்டைப் பலரும் நொறுக்கிப் போடுகிறார்கள். துண்டாகக் கிடந்தால் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். காயவைத்து மிக்ஸியில் மாவாக அரைத்தால் மெதுவாகக் கரையும், கூடவே பிஎச்சையும் கொஞ்சம் ஏற்றும்.

நுண்ணுயிர்களில் டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சையைக் கட்டாயம் சேர்க்கச் சொல்வேன். நாற்றழுகலும் வேரழுகலும் உண்டாக்கும் பூஞ்சைகளோடு இது போட்டி போட்டு அவற்றை ஒடுக்கும். நேரடியாகத் தொட்டியில் தூவுவதைவிட, மக்கிய உரத்தில் கலந்து ஈரமாக ஒரு வாரம் நிழலில் வைத்தால் அதற்குள் பெருகிவிடும். வேம் எனப்படும் வேர்ப் பூஞ்சை வேரில் ஒட்டினால்தான் வேலை செய்யும். ஆகவே கலவையில் வீணாக்காமல் நடும் குழியில் போடுங்கள். முட்டைக்கோஸ், முள்ளங்கி, கடுகு போன்ற செடிகளோடு அது கூட்டுச் சேராது, அங்கே செலவு வீண். மணிச்சத்து அளவுக்கு மீறினாலும் வேர் இந்தப் பூஞ்சையை ஏற்றுக்கொள்ளாது.

கலக்கும் முறை

அளவு கண்டுபிடிப்பதிலிருந்து தொடங்குவோம். வட்டத் தொட்டியின் குறுக்களவில் பாதியை அதாலேயே பெருக்கி, 3.14ஆலும் உயரத்தாலும் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 30 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் உயரமும் உள்ள தொட்டி சுமார் 21 லிட்டர் கொள்ளும். கலக்கும்போது சிறு துகள்கள் பெரியவற்றின் இடைவெளியில் புகுந்துகொள்வதால் மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் குறையும். ஆகவே இப்படி இரண்டு தொட்டிக்கு 50 லிட்டர் பொருள் எடுங்கள்.

10 லிட்டர் வாளியை அரை வாளியாக அளந்தால் பத்து அளவு. அவற்றில் கழுவிய நார்க்கழிவு மூன்று, சலித்த மக்கிய உரம் இரண்டு, மண்புழு உரம் ஒன்று, மண் இரண்டு, பருமணலோ பெர்லைட்டோ கருக்கிய உமியோ இரண்டு. காய்கறி, கீரை, பூச்செடி எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். கலந்த பிறகு ஏறக்குறைய 42 லிட்டராக நிற்கும் இந்த அளவுக்கு வேப்பம் புண்ணாக்கு 100 கிராம், எலும்புத் தூள் 60 கிராம், ஜிப்சம் 45 கிராம் போதுமானது.

முதல் வேலை, எல்லாவற்றையும் லேசாக ஈரமாக்குவது. வாயையும் மூக்கையும் மூடும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். பெர்லைட் தூசு நுரையீரலுக்கு ஆகாது. மக்கிய கலவைகளில் லெஜியோனெல்லா லாங்பீச்சே என்ற பாக்டீரியா இருக்கக்கூடும், உலர்ந்த தூசியைச் சுவாசித்தால் கடும் நிமோனியா வரலாம். ஈரமாக இருந்தால் தூசி எழும்பாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள்.

அடுத்து, மக்கிய உரத்தையும் மண்ணையும் 6 முதல் 8 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சலியுங்கள். இதைவிட நைசாகச் சலிக்க ஆசைப்படாதீர்கள். பார்வைக்கு அழகாக இருக்கும், காற்று போய்விடும். சல்லடையில் தங்கும் குச்சியும் கட்டியும் அடுத்த உரக் குவியலுக்குப் போகட்டும்.

மூன்றாவதாக, புண்ணாக்கு, எலும்புத் தூள், ஜிப்சம் மூன்றையும் மண்புழு உரத்தோடு மட்டும் முதலில் கலந்துவிடுங்கள். 50 லிட்டர் குவியலில் 60 கிராம் தூளை நேரடியாகத் தூவினால் ஒரு மூலையில் திட்டாகக் கிடக்கும், அந்த இடத்தில் இறங்கும் வேர் கருகும். சிறியதோடு சிறியதைக் கலந்து பெரியதில் சேர்ப்பதுதான் சீராகப் பரவ வழி.

இப்போது தார்ப்பாயில் நார்க்கழிவைப் பரப்பி, அதன்மேல் மண், மக்கிய உரம், சத்துக் கலந்த மண்புழு உரம், கடைசியாகப் பருமனான பொருள் என்று அடுக்கடுக்காகப் போடுங்கள். மண்வெட்டியால் ஓரத்திலிருந்து அள்ளி உச்சியில் கொட்டிக்கொண்டே குவியலைச் சுற்றி வாருங்கள். தார்ப்பாயின் ஒரு மூலையைப் பிடித்து எதிர் மூலைக்கு இழுத்துப் புரட்டினால் வேலை பாதியாகும். நிறம் எங்கும் ஒன்றாகத் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். மேலும் கிளறினால் பெர்லைட் நொறுங்கிப் பொடியாகும்.

கையில் ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். பிடித்த வடிவம் நிற்க வேண்டும், விரலிடுக்கில் அதிகம் போனால் ஓரிரு சொட்டு நீர் வரலாம். கட்டைவிரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் உருண்டையாகவே நின்றால் களி கூடுதல். பிடியே நிற்காமல் சரிந்தால் ஈரம் போதாது.

காற்றை அளப்பது

இந்தச் சோதனையைச் செய்கிறவர்கள் குறைவு. நான் சொல்வதிலேயே முக்கியமானது இதுதான். ஒரு லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் நான்கைந்து ஓட்டை போட்டு, கலவையை நிரப்பி, தரையில் இரண்டு தட்டுத் தட்டி மீண்டும் விளிம்புவரை நிரப்புங்கள். அழுத்த வேண்டாம். ஒருமுறை நீர் ஊற்றி வடியவிடுங்கள், கலவை தன் இயல்பான இடத்துக்கு அமரும். இறங்கிய அளவுக்கு மேலே நிரப்புங்கள்.

இப்போது ஓட்டைகளை நாடாவால் இறுக்க ஒட்டி, மேற்பரப்பில் நீர் மினுமினுக்கும்வரை ஓரமாக மெல்ல ஊற்றுங்கள். குமிழி வந்துகொண்டே இருக்கும். கால் மணி நேரம் விட்டு, இறங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள். அகலமான பாத்திரத்தின்மேல் தூக்கிப் பிடித்து நாடாவை உரித்து, அரை மணி நேரம் வடியவிடுங்கள். வடிந்த நீரை அளந்து பாருங்கள். அந்த நீர் இருந்த இடத்தில்தான் இப்போது காற்று இருக்கிறது. 150 முதல் 200 மில்லி வடிந்தால் காற்று 15 முதல் 20 சதவீதம், தொட்டிக்கு நல்ல கலவை. 100க்குக் கீழே என்றால் பருமனான பொருளை இன்னும் ஒரு அளவு சேர்த்து மறுபடி பாருங்கள். 250, 300 என்று போனால் நீர் தங்காது, வெயிலில் தினம் இரண்டு வேளை ஊற்ற வேண்டி வரும், நார்க்கழிவைக் கூட்டுங்கள்.

ஆறவைப்பது

கலந்த அன்றே நட வேண்டாம். புண்ணாக்கு மக்கத் தொடங்கும்போது சூடும் அம்மோனியாவும் வரும். சாக்கால் மூடி நிழலில் இரண்டு முதல் மூன்று வாரம் விடுங்கள், வாரம் ஒருமுறை புரட்டுங்கள், காய்ந்தால் நீர் தெளியுங்கள். பிளாஸ்டிக்கால் இறுக்கி மூடினால் காற்றில்லாமல் அழுகல் நாற்றம் எடுக்கும். மேலே வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால் பயப்படாதீர்கள், புண்ணாக்கை மக்கச் செய்யும் பூஞ்சைதான் அது, புரட்டினால் மறையும். கையை உள்ளே விட்டால் சூடு இல்லை, முகர்ந்தால் நெடி இல்லை என்றால் ஆறிவிட்டது. சந்தேகம் இருந்தால் ஒரு கிண்ணத்தில் நான்கு பயறு போட்டுப் பாருங்கள். முளைத்த வேர் வெள்ளையாக நீண்டால் நடலாம், நுனி பழுப்பானால் இன்னும் ஒரு வாரம்.

செடிக்கு ஏற்ற மாற்றங்கள்

விதை முளைக்கச் சத்து வேண்டாம், விதைக்குள்ளேயே இருக்கிறது. நார்க்கழிவு இரண்டு பங்கு, நைசாகச் சலித்த மக்கிய உரம் ஒரு பங்கு, பெர்லைட்டோ கருக்கிய உமியோ ஒரு பங்கு போதும். புண்ணாக்கு வேண்டவே வேண்டாம். முளையின் மென்மையான வேர் உப்பைத் தாங்காது, புண்ணாக்கின் பூஞ்சையும் நாற்றழுகலுக்கு இடம் கொடுக்கும்.

தக்காளி, மிளகாய், கத்தரிக்கு அடிப்படைக் கலவையே சரி, ஜிப்சத்தை மட்டும் ஒன்றரை மடங்காக்கலாம். தக்காளிக் காயின் அடிப்பகுதி கறுத்து அழுகினால் உடனே கால்சியத்தைக் கொட்டாதீர்கள். பெரும்பாலும் ஒருநாள் காய்ந்து ஒருநாள் ஊறுவதால் கால்சியம் காய்க்குப் போய்ச் சேர்வதில்லை. ஈரத்தைச் சீராக வையுங்கள். கேரட், முள்ளங்கிக்கு மண்ணையும் கல்லையும் குறைத்து, புண்ணாக்கைப் பாதியாக்குங்கள். தழைச்சத்து மிஞ்சினால் இலை மட்டும் செழிக்கும், கிழங்கு கிளைவிடும்.

கள்ளி, அடீனியம் வகைகளுக்குப் பருமனான பொருள் ஐந்து பங்கு, நார்க்கழிவு இரண்டு, மக்கிய உரம் ஒன்று. அமிலம் விரும்பும் அசேலியா, புளூபெர்ரிக்குச் சாம்பல், முட்டை ஓடு, சுண்ணாம்பு, கருக்கிய உமி எல்லாம் விலக்கு. மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிட்டுக்கு இந்தக் கலவையே ஆகாது. அதற்குக் கரித்துண்டும் மரப்பட்டையும்தான்.

நிரப்பிய பிறகு

விளிம்பிலிருந்து 4 சென்டிமீட்டர் விட்டு நிரப்புங்கள். கையால் குத்தி அமுக்காமல், தொட்டியை லேசாகத் தட்டி, நீர் ஊற்றி அமரவிடுங்கள். முதல் நீர் அடியில் வடிந்து வர வேண்டும். மேலே காய்ந்த இலை இரண்டு விரல் கனத்துக்குப் போட்டால் நீர் நேரடியாக அடித்து மண் இறுகுவதும் குறையும். சேர்த்த சத்து ஆறு முதல் எட்டு வாரம் தாங்கும். அதன்பின் மாதம் ஒருமுறை மண்புழு உரம் இரண்டு பிடி மேலே தூவினால் போதும், கிளறி வேரை அறுக்க வேண்டாம்.

அறுவடை முடிந்ததும் பழைய கலவையைத் தூக்கிப் போடாதீர்கள். முதலில் பிடுங்கிய வேரைப் பாருங்கள். வேரோடு வேராக முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் அது நூற்புழுவின் வேலை, அந்தக் கலவை இன்னொரு தொட்டிக்குப் போகக் கூடாது. அவரை, பயறு வகை வேரின் பக்கவாட்டில் ஒட்டி, நகத்தால் எளிதில் உதிரும் குமிழ்கள் வேறு. அவை தழைச்சத்தைச் சேர்க்கும் பாக்டீரியாவின் வீடு, நல்லவை. மேற்பரப்பிலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளை உப்பு படிந்திருந்தால், தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு நீர் ஊற்றி வடித்துவிடுங்கள். பெரிய வேரை எடுத்துவிட்டு, இரண்டு பங்கு பழைய கலவைக்கு ஒரு பங்கு புது மக்கிய உரம், அரைப் பங்கு பருமனான பொருள், புண்ணாக்கு பாதி அளவு சேர்த்து, மறுபடி இரண்டு வாரம் ஆறவிடுங்கள். முதல் பருவத்தில் மக்கிய உரம் கரைந்து கலவை இறுகியிருக்கும். நடுவதற்கு முன் டப்பாச் சோதனையை இன்னொரு முறை செய்து, காற்று 15 சதவீதத்துக்கு வந்த பிறகு, முன்பு தக்காளியோ கத்தரியோ இருந்த தொட்டியில் இந்த முறை கீரையோ பயறோ போடுங்கள்.